ஹாரன் அடிக்காதீர்

— ஃபேனை யாரு நிறுத்துனது?

— நான்தான் அண்ணி. குளிருது.

— குளிருதா? உனக்கா? வைத்தியத்துக்குன்னு இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ஃபேன் ரெகுலேட்டரைத் தொட விடாம காவல் காத்தவ நீ. உங்கண்ணன் போர்வையைத் தூக்கிக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்தாரு.

— அது மாத்திரை ஆரம்பிச்ச புதுசு. உள்ளே யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி குப்குப்புனு வேர்த்துச்சு. இப்போ ஜம்முனு இருக்கு, தூக்கமும் வருது. மாருல இருக்கிற கட்டி மட்டும்தான் இறங்க மாட்டேங்குது, சனியன்.

— இரு இரு. வேர்வை எப்போ நின்னுச்சு?

— வேர்க்கலைன்னா சந்தோஷப்படுவியா, போலீஸ் மாதிரி விசாரிக்கறே.

— மாத்திரையை நிறுத்திட்டியா?

— சத்தியமா இல்ல! தினம் காலைல முழுங்கிட்டுத்தான் வேன் சாவியையே எடுக்கறேன். வாசல்ல நின்னு முழுங்கறேன், எதிர்வீட்டு நாய் சாட்சி.

— விளையாடாதே நாத்தனாரே. திங்கக்கிழமை என்னன்னு ஞாபகம் இருக்கில்ல?

— மறக்கற விஷயமா அது? மாத்திரை கேக்கலை, ஊசி மருந்து ஏத்திடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முடி போயிடும். என் ஸ்கூல் வேன்ல வர்ற வாலுங்க ஏற்கெனவே என்னை ‘ஹாரன் ஆன்ட்டி’ன்னுதான் கூப்பிடுதுங்க. இனிமே மொட்டை ஹாரன்.

— முடி திரும்ப முளைக்கும்.

— நீ சொல்லுவே. உனக்கென்ன, இந்த வயசுலயும் மூஞ்சி பளபளன்னு, ஒரு வேர்வை இல்ல, ஒரு சிடுசிடுப்பு இல்ல. எல்லாருக்கும் வர்ற அந்த வயசு உனக்கு மட்டும் லீவு கொடுத்துட்டுதா?

— எல்லாம் மனசுதான். பேச்சை மாத்தாதே.

— பயமா இருக்கு அண்ணி. அதான் பேச்சை மாத்தறேன்.

— தெரியும்.

— உங்க லேப்ல தினம் இந்தக் கேன்சர் செல்லுக் கழுதைங்களைத்தானே வளர்க்கறே. இந்த ஹாரன் அதுங்களை என்னதான் பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— ஹார்மோன்.

— என் வாய்க்கு ஹாரன்தான்.

— சரி, ஹாரனே இருக்கட்டும். உன் கட்டில இருக்கிற செல்லுக்கு உள்ளே ஒரு காது இருக்குன்னு வெச்சுக்கோ. ஹாரன் சத்தம் விழுந்தா போதும், எழுந்து ரெண்டாகும், ரெண்டு நாலாகும். கூட்டம் சேர்ந்ததும் இருக்கிற இடம் பத்தாது. பக்கத்துல எங்கே போகலாம்னு நகரப் பார்க்கும்.

— என் வேன் மாதிரியேதான். நான் ஒரு அழுத்து அழுத்தினா போதும், எங்கெங்கிருந்தோ கிளம்பி வருங்க. ஒண்ணாவது சீட்டுல அடங்குமா?

— அதேதான். மாத்திரை என்ன பண்ணும்னா, உன் உடம்பு ஹாரன் தயாரிக்கறதை நிறுத்திடும். சத்தம் இல்லைன்னா செல் பெருகாது. நாளாக ஆக கட்டி சுருங்கும்.

— ஆஸ்பத்திரி வாசல்ல ‘ஹாரன் அடிக்காதீர்’னு போர்டு இருக்குமே. எனக்கு அதையே முழுங்கக் கொடுத்திருக்காங்க.

— சிரிக்க வைக்காதே, நான் யோசிச்சிட்டிருக்கேன். உனக்கு வேர்த்துக் கொட்டுச்சே, அது ஹாரன் குறைஞ்சதுக்கு அடையாளம். இப்போ வேர்க்கலை. கட்டியும் இறங்கலை. அப்போ எங்கேயோ யாரோ ஹாரன் அடிக்கறாங்க.

— நான் இல்லப்பா. நான் இப்போ வண்டியிலயே இல்ல.

— போன மாசம் எங்க லேப்ல இதே கூத்துதான். செல்லுக்கு ஊத்தற திரவத்துல சொட்டு ஹார்மோன் இல்லாம வடிகட்டி வெச்சோம். பட்டினி கிடந்து அடங்கும்னு பார்த்தா, குடும்பம் குட்டியா பெருகி நிக்குது. கூட வேலை பார்க்கற மீசைக்காரர் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம மைக்ராஸ்கோப்பைத் திட்டினாரு.

— அப்புறம்?

— பாட்டிலை மாத்தி எடுத்திருக்காரு. அது சிவப்புச் சாயம் கலந்த திரவம். திரவம் கெட்டுப்போச்சான்னு நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்கறதுக்காகச் சும்மா கலக்கற சாயம். ஆனா அதுல இருக்கிற ஏதோ ஒண்ணு செல்லு கிட்டே போய், நான்தான் ஹார்மோன்னு வேஷம் போட்டுடுது.

— அடேங்கப்பா, சாயம் கூட ஏமாத்துதா!

— அதான் கேக்கறேன். மாத்திரையைத் தவிர வேற என்ன உள்ளே போகுது? ஏதாவது பொடி? லேகியம்? யாராவது வேன்ல வெச்சு வித்தாங்களா?

— ஒண்ணும் இல்ல.

— மேல தடவறது?

— மேலயா? ஃபேனை வேணா போடட்டுமா அண்ணி?

— நாத்தனாரே.

— சோப்பு.

— சோப்புக்கு எதுக்கு முழிக்கறே? உள்ளதைச் சொல்லு.

— திட்டக் கூடாது.

— திட்டுவேன். சொல்லு.

— உன் பாத்ரூம் அலமாரில, துண்டுக்குப் பின்னால, அமுக்கினா வர்ற பாட்டில் ஒண்ணு இருக்கே. லேபிளைக் கூட கிழிச்சிட்டு ஒளிச்சு வெச்சிருந்தே. அண்ணியோட பளபளப்பு ரகசியம் இதுதான்னு எனக்குப் பொறி தட்டிடுச்சு. நீ கையில தடவிக்கறதை ஒரு நாள் கதவிடுக்குல பார்த்தேன். நானும் தினம் ஒரு அமுக்கு, ரெண்டு அமுக்கு...

— எத்தனை நாளா?

— நல்லாத் தூங்க ஆரம்பிச்சதிலேருந்துன்னு வெச்சுக்கோயேன். ஒரு கிரீமுக்கு இவ்ளோ முறைக்காதே, புதுசு வாங்கித் தந்துடறேன். என்ன பிராண்டு? ஏன் லேபிளைக் கிழிச்சே, நான் திருடுவேன்னா?

— உங்கண்ணன் பார்த்துடக் கூடாதேன்னு.

— அவன் பார்த்தா என்ன?

— எனக்கும் மாசக் கணக்கு நின்னுடுச்சு. எனக்கும் வேர்த்துச்சு, உன்னை விட மோசமா. டாக்டர் எழுதிக் கொடுத்தது அது. கிழவி ஆயிட்டேன்னு கிண்டல் பண்ணுவாரேன்னு மறைச்சேன்.

— அடிப்பாவி! உனக்கும் வயசாயிடுச்சா! எல்லாம் மனசுதான்னு என்ன ஒரு பொய்! ஐயோ, வயிறு குலுங்குது. இன்னிக்கு அண்ணன் வரட்டும்...

— என் போனை எடு. டாக்டரம்மாவைப் பிடிக்கணும். மாத்திரை மேல தப்பே இல்ல போலிருக்கு.

— ஏன் அண்ணி இவ்ளோ அவசரம்? அப்படி என்ன கிரீம்தான் அது?

— கிரீம் இல்லடி. ஹாரன்.