ஊசி முனையும் ஒம்போது எலுமிச்சம்பழமும்

…அதான் சொல்றேன்க்கா, அது ஒரு பொய்க்கார ஊசி! ஷேர் ஆட்டோல இடமே இல்ல, கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க, பை நசுங்குது. திருச்சானூரு தாயார் சன்னிதில வெச்சு வாங்கியாந்த எலுமிச்சம்பழம். ஒம்போது!

என்னா ஊசியா? நானு திருப்பதில காலேஜ் லேபு அட்டெண்டரு, தாட்சாயணி. பதினோரு வருஷ சர்வீசு! எங்க லேபுல அக்ஷயான்னு ஒரு பொண்ணு, பிஎச்டி படிக்குது. வயித்துக்குள்ள எவ்ளோ புளிப்பு சேந்துக்கினு இருக்குதுன்னு போய்ப் பாத்து சொல்ற ஊசி செய்யுது. எள்ளு சைஸு இருக்கும். அது நுனில ஒரு பூச்சு… நேனோவாம். ஒரு தலமுடிய எம்பதாயிரமா பொளந்தா அதுல ஒரு பொளவாம். எவன் ஒக்காந்து எண்ணுனானோ! எனக்கு சீப்புல வர்ற முடியே எண்ண முடியல.

நாலு மாசத்துக்கு முன்ன என்னா அழகா வேல செஞ்சது தெரியுமா! சுத்தத் தண்ணில வெச்சா ஏழு காட்டணும். புளிப்பு ஏற ஏற நம்பர் கொறையும். டக்குனு ஏழு! எங்க டிபார்ட்மெண்டு தலைவரு எச்சோடி சாரே கைதட்டுனாரு. பக்கத்து லேபு ரமணா வந்து எட்டிப் பாத்தான்… அவன் கண்ணு இருக்குதே, காயாத பாலே திரிஞ்சிடும்.

நானு சும்மா இருப்பனா? அன்னிக்கே திருஷ்டிக்கு ஆக வேண்டியத செஞ்சேன். அப்பவும் பாருங்க, அடுத்த வாரமே அஞ்சு காட்டுது! இன்னும் பெருசா செஞ்சேன். நாலு! அதுக்கு மேலயும் செஞ்சேன், மூணரை! அந்தப் பொண்ணு பூச்ச மாத்துது, பழைய ஊசிய குப்பைல போட்டுட்டு புதுசு செய்யுது, ஒன்னும் ஆவல. புளிப்பு அளக்கற பழைய கண்ணாடி மீட்டரு இருந்தா ஊசி சொல்றது சரியான்னு பாக்கலாம், அதுவும் ஒடஞ்சு போச்சு. எப்படியா? தொடைக்கும்போது வழுக்கிச்சு… அத விடுங்க.

இன்னிக்குப் பத்து மணிக்கு, அந்தப் பொண்ணு மூணு வருஷ வேலயும் வேஸ்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு சொந்த ஊரு நாயுடுபேட்டைக்கே போயிடப் போவுதாம். நேத்து டிபன் பாக்ஸ தொறக்கவே இல்ல. எனக்கும் துன்ன சோறு எறங்கலக்கா. அதான் இன்னிக்கு ஒரே போடா ஒம்போது!

எங்க போடுவேனா? தண்ணி டிரம்முலதான்! ஊசிக்கு ஊத்தற சுத்தத் தண்ணி, ஸ்டீல் டிரம்மு. நாலா கீறி, துணில முடிஞ்சு, உள்ள தொங்க விட்டுடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ரூம்பு கமகமன்னு இருக்குதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு…

ஏன்க்கா சிரிக்கிறீங்க? என்னா புளிக்கும்? …தண்ணியா?

…

ஐயோ… கோயிந்தா!

ஒன்னு போட்டேன், அஞ்சு. மூணு போட்டேன், நாலு. அஞ்சு போட்டேன், மூணரை… அது என் பழத்த கரெக்டா எண்ணிக்கினு வந்திருக்குதுக்கா! அந்த லேபுல உண்மைய சொன்னது அது ஒன்னுதான். அதத்தான் நானு வாராவாரம் கூட்டி குப்பையில கொட்டுனேன்!

அண்ணா, ஆட்டோ ஆபண்டி, நிறுத்துங்க! வேணா வேணா, நிறுத்தாதீங்க, தொரகா போனிவ்வண்டி, சீக்கிரம் போங்க!

ஹலோ… அக்ஷயாமா? எழுதிக் குடுத்துட்டியா? குடுக்காத! அந்தக் கடைசி ஊசிய தூக்கிப் போட்டுடாத! அது பொய் சொல்லலமா, நானுதான்… அப்பறம் திட்டு. டிரம்மு தண்ணி வேணா. சீல் போட்ட பாட்டில் புதுசு இருக்குது பாரு, ஒடச்சி ஊத்து. ஊத்திட்டியா? …எவ்ளோ? …அழுவாதமா. அழுதுக்கினே சொன்னா எனக்கு நம்பர் புரியல… ஏழா? ஏழா!

அக்கா, எறங்கறீங்களா? இந்தாங்க, இந்தப் பழத்த எடுத்துக்கினு போங்க, ஊறுகா போடுங்க. எட்டு போதும். ஒன்னு நானு வெச்சுக்கறேன், அந்த ரமணா இன்னும் அங்கதான இருக்கான்…

டிரம்முல இல்லக்கா! வாசல்ல.