தகுதி இல்லை என்று எழுதப்பட்ட ஜலஜா அம்மையார்

கூட்டத் தலைவர் டாக்டர் பட்டாபிராமன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் திரு. ராகவேந்திரன் அவர்களே! டாக்குரியாவிலிருந்தும் பாலிகஞ்சிலிருந்தும் ஹவுராப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் புழுக்கத்தில் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கரண்ட் போய்விட்டது. மைக் வேலை செய்யவில்லை. பரவாயில்லை. இருபது ஆண்டுகளாக ஆஸ்பத்திரி வார்டில் கத்திப் பழகிய தொண்டை இது. கடைசி வரிசை வரை கேட்கும். மேடைக்கும் கேட்கும்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஜலஜா அம்மையாரைத் தெய்வம் என்றார் ஒருவர். கருணைக் கடல் என்றார் இன்னொருவர். தலைவர் அவர்கள், இந்தத் துறைக்கே தாய் என்றார். கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மையார் இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார். உயிரோடு இருந்தவரை ஒரு நாற்காலி கொடுக்காதவர்கள், இறந்த பிறகு கோயிலே கட்டுகிறார்களே! இதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது?

என் பெயர் பரமசிவம். அம்மையாரோடு ஒரே துறையில், ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலுக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். இங்கே பலருக்கு அது என்னவென்று தெரியாது; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பலருக்குத் தெரியாது. அடிபட்ட கையை டாக்டர் தைத்துவிடுவார். அந்தக் கையால் ஒருவன் மறுபடி சாப்பிட வேண்டும், சட்டைப் பொத்தானைப் போட வேண்டும், சுத்தியலைப் பிடிக்க வேண்டும். பக்கவாதம் வந்த பெண் ஒற்றைக் கையால் புடவை உடுத்த வேண்டும். அதற்கு வழி செய்வது எங்கள் வேலை. உயிரைக் காப்பது அவர்கள் வேலை. பிழைத்தவரை வாழவைப்பது எங்கள் வேலை.

ஜலஜா அம்மையார் இந்தக் கல்கத்தாவிலேயே பிறந்தவர். தாத்தா காலத்தில் பாங்க் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். பம்பாய் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். வங்க மொழியில் அவர் பேசினால், தமிழ்க்காரர் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். வார்டில் எல்லோருக்கும் அவர் ஜலஜா தீதி, அதாவது அக்கா.

எழுபத்தொன்றாம் ஆண்டு ஒரு சம்பவம் நடந்தது. இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஏழுமலை உட்கார்ந்திருக்கிறார். ஹவுராப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். தகடு நழுவி வலது உள்ளங்கை கிழிந்தது. விரல்களை மடக்கும் தசைநாண்கள், பேச்சில் நரம்பு என்கிறோமே, அவை அறுந்தன. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நான் அதில் குறை சொல்லவில்லை. எங்கள் துறைக்கு ஒரு சீட்டு வந்தது. அதில் ஒரே ஒரு வரி: ‘கைக்குப் பயிற்சி தரவும்.’ எப்போது தொடங்குவது? எந்த விரலுக்கு? எவ்வளவு? ஒன்றும் இல்லை.

அம்மையார் அன்று விடுப்பில் இருந்தார். நான் வேறு வார்டில் இருந்தேன். புதிதாக டிப்ளமா முடித்து வந்த ஒரு பெண், நல்ல பெண், நோயாளிகளைத் தன்னைப் பெற்றவர்களைப் போலப் பார்த்துக்கொள்ளும் பெண், சீட்டில் எழுதியபடியே செய்தாள். கட்டைப் பிரித்தாள். ரப்பர் பந்தைக் கொடுத்தாள். “பலமா அழுத்துங்க தாதா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். ஏழுமலை அழுத்தினார். தையல் ஆறாத நரம்பு உள்ளே அறுந்தது.

மறுநாள் அம்மையார் வந்தார். அந்தக் கையைத் தம் கையில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதும் ஏழுமலை என்ன சொன்னார் தெரியுமா? “அந்தப் பொண்ணத் திட்டாதீங்கம்மா. அது நல்லாத்தான் பாத்துச்சு. எங்கிட்ட பாவம் ஆசையாத்தான் பந்தக் குடுத்துச்சு.”

அம்மையார் என் பக்கம் திரும்பினார். “பரமசிவம், அவ மேல தப்பே இல்லை. அறுந்த நரம்பு எத்தனை நாள்ல ஒட்டும்னு அவளுக்கு யார் சொல்லிக்குடுத்தா? டாக்டர்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கலாம்னு யார் சொன்னா? தெரியாதவ கையில இந்தக் கையைத் தூக்கிக் குடுத்தது நாமதானே?”

இரண்டாவது ஆபரேஷனும் உதவவில்லை. ஏழுமலையின் விரல்கள் இன்றும் மடங்கா. பட்டறை அவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனசு மட்டும் இருந்தால் போதும் என்று இன்று இங்கே பேசியவர்களே, அந்தக் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்!

அன்றிலிருந்து அம்மையாருக்கு வேறு நினைப்பில்லை. அடிப்படைப் படிப்பு வாசல் வரைதான் கொண்டுவிடும், அதற்கு மேல் இந்த ஊரிலேயே இரண்டு ஆண்டு மேல்படிப்பு வேண்டும் என்றார். அதை முடித்து வருகிறவருக்கு என்னவெல்லாம் கைவந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஆபரேஷன் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எப்போது அசைக்கலாம், எப்போது அசைக்கவே கூடாது என்று தெரிய வேண்டும். கையை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டைத் தானே அளவெடுத்துச் செய்ய வேண்டும். செய்த சிகிச்சை பலித்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். பலிக்கவில்லை என்றால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு எதற்கு என்று நானே கேட்டேன். என்னைப் பாலிகஞ்சில் ஒரு வங்காளி அம்மாள் வீட்டுக்கு அழைத்துப் போனார். பக்கவாதம் வந்து, எங்களிடம் பயிற்சி முடித்து, தேறிவிட்டார் என்று நாங்கள் பெருமையாக அனுப்பிவைத்த அம்மாள். ஆஸ்பத்திரியில் மேஜைமேல் கத்தி வைத்து ஒற்றைக் கையால் காய் நறுக்கப் பழக்கியிருந்தோம். வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டுதான் மீன் நறுக்க வேண்டும். அந்தக் கால்தான் விழுந்துபோன கால். மருமகள் நறுக்கிக்கொண்டிருந்தாள், அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “நாம இவாளுக்கு எதைச் சொல்லிக்குடுத்தோம், பரமசிவம்?” என்று கேட்டார் ஜலஜா அம்மையார். அரிவாள்மணையைப் பலகையில் பொருத்தி, உட்கார உயரமாக ஒரு மணை செய்து, அந்த அம்மாளை மறுபடி நறுக்க வைத்த பிறகுதான் விட்டார்.

பாடத்திட்டத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் எழுதினார். ‘சிகிச்சை தவறான நேரத்தில் கேட்கப்பட்டால், மருத்துவரிடம் காரணத்தோடு மறுத்துப் பேசும் திறன் பெற்றிருக்க வேண்டும்.’ அந்த ஒரு வாக்கியம் பட்ட பாடு இருக்கிறதே!

பாடத்திட்டத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் அம்மையார் நின்றார். அன்றைக்கும் குழுத் தலைவர் நம் டாக்டர் பட்டாபிராமன் அவர்கள்தாம். நான் அம்மையாருக்குப் பக்கத்தில் நின்றேன். ஆகவே கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. கைப்பயிற்சிக்காக நோயாளிகளைக் கூடை பின்ன வைப்போம்; அதை வைத்துத் தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “கூடை பின்னவும் பாய் முடையவும் சொல்லிக்குடுக்க மாஸ்டர் டிகிரி எதுக்கும்மா?” எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மையார் சிரிக்கவில்லை. “கூடையைப் பத்திப் பேச நான் வரலை சார். ஏழுமலையோட கையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.”

“யாரு ஏழுமலை?”

“நீங்க தைச்ச கை சார். ஒரு வரி எழுதி எங்ககிட்ட அனுப்பினேளே, அந்தக் கை.”

சிரிப்பு நின்றது. அத்தோடு பாடத்திட்டமும் நின்றது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அம்மையார் போய்க் கேட்பார். பரிசீலனையில் உள்ளது! மறுபடி போய்க் கேட்பார். பரிசீலனையில் உள்ளது! நகரத்துக்கு அடியில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆட்சி மாறியது. இவர்களுடைய பரிசீலனை மட்டும் முடியவில்லை.

எண்பத்தொன்றில் ஒருவழியாக அனுமதி வந்தது. எங்கள் அறையில் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தேன். அம்மையார் அச்சிட்ட பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். வரிக்கு வரி அவர் எழுதியது. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நிபுணர் குழு’ என்று இருந்தது. “பேர் போனாப் போறது” என்றார். “அந்த வாக்கியத்தை எடுத்துட்டாளே!” என்றுதான் வருந்தினார்.

கேளுங்கள் பெரியோர்களே, இதற்குமேல் நடந்ததைக் கேளுங்கள். படிப்புக்கு ஒரு விரிவுரையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அம்மையார் விண்ணப்பித்தார். அவரைவிட்டால் வேறு யார்? பதில் வந்தது. ‘மேல்பட்டம் பெறாதவர், ஆகவே தகுதி இல்லை.’ இந்த ஊரில் அந்த மேல்பட்டமே அப்போதுதானே பிறக்கிறது! பிறக்காத பட்டத்தை அவர் எந்தக் கடையில் போய் வாங்குவார்?

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டது நான். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே படிப்பில் மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். ஐம்பதை நெருங்கிய பெண்மணி, தாம் எழுதிய பாடத்தைத் தாமே படிக்க, பெஞ்சில் உட்காரத் தயாரானார். ராகவேந்திரன் அவர்கள் கேட்டாராம்: “இது என்ன ஜலஜா, உனக்கு யார் என்ன சொல்லிக்குடுக்கப் போறா?” அதற்கு அம்மையார், “பட்டம் வேணுங்கறா. வாங்கிண்டு வந்து நிக்கறேன். அப்புறம் என்ன சொல்றானு பார்க்கலாம்” என்றாராம்.

அதற்கும் பதில் வந்தது. ‘வயது வரம்பைக் கடந்தவர், ஆகவே தகுதி இல்லை.’

கற்பிக்கவும் தகுதி இல்லை! கற்கவும் தகுதி இல்லை! அப்படியானால் எதற்குத்தான் ஐயா அவருக்குத் தகுதி இருந்தது? எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதற்கா? இன்று இந்த மேஜைமேல் மாலை போட்ட படமாக இருப்பதற்கா?

விரிவுரையாளர் நாற்காலி காலியாகவே கிடந்தது. எங்கள் தொழிலைச் செய்தறியாத டாக்டர்கள் வாரம் ஒருமுறை வந்து எலும்புகளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். கால அட்டவணையில் அம்மையார் பெயர் இல்லை. ஆனால் அந்த நால்வரும் காலையில் எங்கே போனார்கள்? எங்கள் வார்டுக்கு வந்தார்கள். அம்மையார் அவர்களை நோயாளியின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சீட்டை நீட்டிக் கேட்பார்: “இதுல என்ன எழுதலை? போய்க் கேட்டுண்டு வாங்கோ.” முதலில் பயந்தார்கள். ஒரு சர்ஜன் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அம்மையார் மறுபடி அனுப்பினார். மூன்றாம் முறை அதே சர்ஜன் உட்கார்ந்து, எந்த நரம்பு, எப்படித் தைத்தேன் என்று படம் போட்டுக் காட்டினார். அழித்த வாக்கியத்தை அம்மையார் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை, ஒரு நன்றிக் கடிதம்கூட இல்லை.

போன மாதம் அந்த நால்வரும் தேறினார்கள். செய்தி தெரிந்த வாரத்திலேயே, டாக்குரியா வீட்டில் காலையில் காபி போட எழுந்த அம்மையார் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு மகிழ்ச்சி கிடைத்தது என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். இன்னும் பத்து ஆண்டு வேலை அவர் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள இந்த ஊருக்குத் தெரியவில்லை.

சற்று முன் தலைவர் அவர்கள், முதல் மாணவருக்கு ஜலஜா நினைவுப் பதக்கம் என்று அறிவித்தார். கைதட்டினீர்கள். ராகவேந்திரன் அவர்கள் தட்டவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “வேண்டாம்னு சொல்லிடுங்கோ பரமசிவம். என்னால எழுந்து பேச முடியாது. நீங்க சொல்லிடுங்கோ” என்றார். சொல்லிவிட்டேன். பதக்கம் வேண்டாம்.

பிறகு என்னதான் வேண்டும்? சொல்கிறேன். அந்த நால்வரும் இதோ பின்வரிசையில் நிற்கிறார்கள். நான் பேசுகிற தமிழ் அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் வந்து நிற்கிறார்கள். நீங்கள் கேட்ட மேல்பட்டம் அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் கேட்ட வயதும் அவர்களிடம் இருக்கிறது. எங்கள் துறையில் உள்ள அனைவரும் கூடி முடிவு செய்திருக்கிறோம்: இந்தத் தொழிலைச் செய்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும்வரை விடமாட்டோம். வார்டில் அம்மையார் நின்ற இடத்தில் முறைபோட்டு நாங்கள் நிற்போம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் நோயாளியின் பக்கத்தில் வைத்தே சொல்லிக்கொடுப்போம். அம்மையார் ஆண்டுக்கு ஒருமுறை தனியாக வந்து கேட்டார். நாங்கள் மாதம் தவறாமல், கூட்டமாக வந்து கேட்போம்.

வழக்கப்படி இப்போது எல்லோரையும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதில்லை. மௌனம் அவருக்கு நிறையவே கொடுத்துவிட்டீர்கள்.

தலைவர் அவர்களே! அந்தப் பணியிடத்துக்கு மறுபடி விளம்பரம் எப்போது வரும்? தேதியைச் சொல்லுங்கள். நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, உட்கார்ந்திருக்கிறோம்.