பொழுது எறங்கட்டும்

நூர் பீவி: ...இவ்ளோ ஊத்துனா போதுமாண்ணே?

தெய்வசிகாமணி: இன்னும் ஊத்தும்மா, கழுத்து வரைக்கும். கள்ளக்குறிச்சி கடைக்காரங்க வூட்டுப் பொண்ணாச்சே... கை அளந்து அளந்துதான் ஊத்துது.

நூர் பீவி: ஊத்துன களிமண் மாவு எறங்கிக்கினே போவுதே. அச்சு ஓட்டையா?

தெய்வசிகாமணி: ஓட்ட இல்ல. மாவுல இருக்கிற தண்ணிய அச்சு குடிக்குது. அது குடிச்சாதான் ஓரத்துல சுவர் கட்டும். அப்புறம் மிச்சத்தக் கவுத்துட்டா, கப்பு.

நூர் பீவி: ஒடனே சூளைக்கா?

தெய்வசிகாமணி: அவசரத்தப் பாரு. காயணும், தேய்க்கணும், பளபளப்புக்கு கிளேஸ் போடணும். சூளை கடேசி. நேத்துதான் விருத்தாசலத்துல வந்து எறங்குன... உளுந்தூர்பேட்டையில பஸ் மாறும்போதே பாதி கத்துக்கினியா?

நூர் பீவி: சூளைய நீங்கதானே பாக்கறீங்க?

தெய்வசிகாமணி: ஆமா. ரிஷிவந்தியத்துலேர்ந்து மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி வந்தவன். அப்பலேர்ந்து நெருப்புகிட்டதான்.

நூர் பீவி: நடுவுல எழுந்து வரலாமா? ஒரு டீ குடிக்க...

தெய்வசிகாமணி: சூடு ஏறும்போது எழுந்து வந்தா, உள்ள இருக்கிற சரக்கெல்லாம் விரிசல் வுட்டுடும். அதான் எப்பவும் ரெண்டு பேரு. ஒருத்தன் கரி தள்ளணும், ஒருத்தன் சூடு பாக்கணும். உனக்கு எதுக்கும்மா சூளை கத? கப்ப ஒழுங்கா ஊத்து.

நூர் பீவி: போன வருசம் அந்த ரெண்டாவது ஆளு யாருண்ணே?

தெய்வசிகாமணி: யார் யாரோ வருவாங்க, போவாங்க.

நூர் பீவி: கத்திரி வெயில்ல நோம்பு வந்துச்சே... அப்போ.

தெய்வசிகாமணி: கவுத்தும்மா, கவுத்து. ரொம்ப நேரம் வுட்டா சுவர் தடிச்சிடும்.

நூர் பீவி: சாதுல்லாதானே?

தெய்வசிகாமணி: ...நீ அவர் ஊரு, இல்ல?

நூர் பீவி: அதே தெருதாங்க.

தெய்வசிகாமணி: நல்ல மனுசன். அடுத்தவன் செஞ்ச கப்ப வித்தது போதும், தொழிலக் கத்துக்கினு போய் ஊர்ல நம்மளே ஒரு சூளை போடணும்னு வந்தாரு. என்னையும் கூப்ட்டாரு. வரேன் பாய்னு சொன்னேன்...

நூர் பீவி: அவரு சூளைகிட்ட விழுந்தப்ப நீங்கதானே கூட இருந்தீங்க?

தெய்வசிகாமணி: ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க?

நூர் பீவி: நோம்போட போனவரு, நேரா சொர்க்கம்தான்னு பேசிக்கிறாங்க.

தெய்வசிகாமணி: அதான் நெசம். ஒரு வாய் தண்ணிகூடக் கேக்கல. அவர் வூட்ல போய் சொல்லு.

நூர் பீவி: கேக்கவே இல்லியா?

தெய்வசிகாமணி: இல்லன்னா இல்லம்மா.

நூர் பீவி: பொய்யி. லேசா காய்ச்சல் அடிச்சாலே, ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு பொலம்புற மனுசன் அவரு.

தெய்வசிகாமணி: ...அது உனக்கு எப்படித் தெரியும்?

நூர் பீவி: குடிச்சாருன்னு சொல்லுங்க. அத ஒண்ணக் கேக்கத்தான் வந்தேன். கப்பு செய்யக் கத்துக்கப் போறேன்னு வூட்ல சொல்லி, எங்க அண்ணன எதுத்தாப்ல டீக்கடையில குந்த வெச்சுட்டு வந்திருக்கேன். நீங்க குடுத்தீங்க... அவரு குடிச்சாரு. இல்ல?

தெய்வசிகாமணி: குடிச்சாரும்மா.

நூர் பீவி: எதுல குடுத்தீங்க?

தெய்வசிகாமணி: அவரு கையால செஞ்ச மொதோ கப்பு ஒண்ணு இருந்துச்சு. காது கொஞ்சம் கோணல். அதுலதான் நோம்பு தொறப்பேன்னு, தண்ணி ஊத்தி மூடி வெச்சிருந்தாரு...

நூர் பீவி: அதுலயா?

தெய்வசிகாமணி: ...அந்தத் தண்ணி அப்படியே இருந்துச்சும்மா.

நூர் பீவி: சொல்லுங்க. நான் அழ மாட்டேன்.

தெய்வசிகாமணி: வேப்ப மரத்தடியில படுக்க வெச்சோம். வண்டி கூட்டியார ஆள் போயிருந்துச்சு. கேட்டாரு. திரும்பத் திரும்பக் கேட்டாரு. கொஞ்ச நேரம்தான் பாய், பொழுது எறங்கட்டும்னேன். துண்ட நனைச்சு மூஞ்சியத் தொடச்சு வுட்டேன். வாய்ல மட்டும் படாம தொடச்சேன்.

நூர் பீவி: ஏண்ணே?

தெய்வசிகாமணி: காலையில என் கையப் புடிச்சுக்கினு சொன்னாரு. 'வெயிலுக்கு மதி தப்பி நான் தண்ணி கேப்பேன்... கேட்டாலும் குடுத்துடாத'ன்னு. நான் வேற சாமி கும்புடறவன். என்னை நம்பி சொல்லிட்டாரு, என்னால அவரு நோம்பு கெடக்கூடாதுன்னு இருந்துட்டேன். வண்டி வந்துச்சு. பொழுது எறங்கல, அதுக்குள்ள... திட்டும்மா, நல்லா திட்டு. அவரு உனக்கு இன்னா வேணும்?

நூர் பீவி: திட்ட எனக்கு வாயில்லண்ணே. அதுக்கு முந்துன வருசம் வேலை ஜாஸ்தின்னு நோம்ப வுட்டுட்டாருன்னு, பெருநாள் வரைக்கும் அவருகூடப் பேசாம இருந்தேன். உயிருக்கு ஆபத்துன்னா நோம்ப வுடலாம், பாவமே இல்லன்னு பள்ளிவாசல் அஜரத்து சொன்னாரு... அவர அடக்கம் பண்ணிட்டு வந்தப்புறம் சொன்னாரு. 'கூட வேலை செய்யறவரு கையப் புடிச்சுக்கினு சொல்லி வைங்க, நீங்க கேட்டாலும் குடுக்க வேணாம்னு'... அப்படி சொல்லிக் குடுத்து பஸ் ஏத்தி வுட்டது அவர் பொண்டாட்டி, நான்தாண்ணே.