தங்கையிடம் வாடகை வாங்கச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் திவ்யா அவர்களே! ஜெபம் செய்து இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் டேனியல் ஐயா அவர்களே! நம்முடைய கிராம நிர்வாக அலுவலர் வசந்த்குமார் அவர்களே! முதல் வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் முத்துவேல் அவர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பாக்கியமேரி அண்ணியாரே! பள்ளத்தெருவின், மோட்டுத்தெருவின் உறவுகளே! உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி வீராசாமியின் கனத்த வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். அவர்கள் மறைந்த மாமனிதரோடு ஐந்து வருஷம் பழகியவர்கள். நான் நாற்பது வருஷம் பழகியவன். எனக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் இந்தச் சின்னப்பையன் அண்ணன்? முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்குக் கிராம உதவியாளர். நம் வாயில் தலையாரி. திருப்புலிவனத்திலிருந்து ஓரிக்கை வரைக்கும் எந்தக் கழனி யாருடையது, எந்த வரப்பில் யாருக்கு வழக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய தலை அவருடையது. நான் ஏழாவது வரைக்கும் படித்தவன், அதில் ஆறாவதை மட்டும் இரண்டு தடவை அழுத்தமாகப் படித்தவன். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவர் அவர் ஒருவர்தான். இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான்!

போன கார்த்திகையில் புயல் மழை பெய்து சித்தேரிக் கரை உடைந்ததே, அந்தக் காலையை மறக்க முடியுமா? பள்ளத்தெருவில் தண்ணீர் பனைமர உயரத்துக்கு வந்தது. போதகர் ஐயா இடுப்பளவு என்பார். அவர் நின்ற இடம் அப்படி. நான் பார்த்தது பனைமரம், அதுவும் வளர்ந்த பனைமரம்! அந்தத் தண்ணீரில், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு தோளில் மூன்று பேர், இன்னொரு தோளில் இரண்டு பேர், கக்கத்தில் ஓர் ஆடு. ஆட்டை நான் கூட்டிச் சொல்லவில்லை, ஆட்டுக்காரம்மா அதோ உட்கார்ந்திருக்கிறார். பள்ளத்தெருவில் முப்பத்துநாலு வீடும் மண்சுவர். முப்பத்துநாலும் கரைந்துபோயின. ஆனால் ஓர் உயிர் போகவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லையே, ஐயா!

உயிர் தப்பினால் போதுமா? எங்கே படுப்பது? பதினோரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். அப்போது அரசாங்கம் ஓர் உதவியை அறிவித்தது. புது வீடு கட்டிக் கொடுக்கும் வரைக்கும் வேறு வீட்டில் குடியிருக்கலாம், அதற்கான வாடகையை மாதா மாதம் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள். வீட்டு உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நல்ல உதவி. ஆனால் காலனிக்காரர்களுக்கு ஊர்த்தெருவில் வீடு கொடுப்பது யார்?

இதோ பெரியவர் முத்துவேல் இருக்கிறார். அவர் மகன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால் அவருடைய இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. சின்னப்பையன் அண்ணன் நேராக அவர் வாசலில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"உங்களுக்கு வூடு குடுத்தா என் பங்காளிங்க இன்னா சொல்லுவாங்க தெரியுமா, தலையாரி?" என்று பெரியவர் கேட்டார்.

"நைனா, உங்க வூட்ல குடியிருக்கப் போறது நாங்க இல்ல. மாசம் பொறந்தா வாடக குடுக்கிறது யாரு? கவர்மெண்ட்டு. அப்ப குடித்தனக்காரன் யாரு? கவர்மெண்ட்டு. எங்க ஆளுங்க சும்மா உள்ள படுத்துக்கினு வூட்ட பாத்துக்கினு கீறாங்க. உங்க பங்காளிங்க கேட்டா, கவர்மெண்ட்டுக்கு வூடு வுட்டிருக்கேன்னு சொல்லுங்க!"

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததைப் பார்த்து இன்னும் சிலர் கொடுத்தார்கள். இப்படிப் பதினைந்து குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. மிச்சம் பத்தொன்பது குடும்பம் நம் காலனியின் மேட்டுப்பக்கம் மோட்டுத்தெருவில் இருந்த சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்று என் கூடப்பிறந்த தங்கை செங்கேணியின் குடும்பம். அவளும் அவள் மகள் திலகாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீடு உங்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்திலேயே மாடி எடுத்துக் கட்டிய முதல் வீடு. இரண்டாவது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

இப்போது நான் சொல்லப்போவது எங்கள் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் செய்த தப்பு. அதில் முதல் தப்பு என்னுடையது.

தை மாதம் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். முதல் வீடே என் வீடு. "உங்க தங்கச்சிகிட்ட மாசம் எவ்வளவு வாடகை வாங்கறீங்க?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஒரு ரோஷம்! எழுந்து நின்று சொன்னேன்: "வாடகையா? இன்னா சார் பேசறீங்க? அது என் ரத்தம் சார்! ஆயுசு முழுக்க இருந்தாலும் ஒத்த பைசா வாங்க மாட்டான் இந்த வீராசாமி! எழுதிக்கோங்க சார்!"

அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஓர் அதிகாரி உடனே எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெருமையாகக் கலர் சோடா உடைத்துக் கொடுத்து அனுப்பினேன். நான் பேசியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரன் எனக்கு இளைத்தவனா? அவனும் ரத்தம் என்றான். அதற்கடுத்தவன் ரத்தத்தோடு சத்தியமும் சேர்த்தான். பத்தொன்பது வீட்டிலும் ரத்தம், பத்தொன்பது வீட்டிலும் கலர்! அடுத்த மாதம் பட்டியல் வந்தது. "வாடகை இல்லை" என்று எழுதி, பத்தொன்பது குடும்பத்தின் பெயரையும் அடித்திருந்தார்கள். அதிகாரி மேல் என்ன தப்பு? நாங்கள் சொன்னதைத்தானே எழுதினார்?

அப்போது சின்னப்பையன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? எங்களைத் திட்டினாரா? இல்லை. அவர் வீட்டிலும் பாக்கியமேரி அண்ணியின் தங்கை ஷீபா, பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, தெருவில் நாலு பேர் பார்க்க, பின்கட்டு அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். "இன்னைலருந்து நீ எனக்கு வாடக குடுக்கணும். நான் ரசீது குடுப்பேன். உன் அடுப்பு தனி, உன் கதவு தனி" என்றார். கையெழுத்தும் போட்டார்.

நம் பக்கத்தில் இது சாதாரணக் காரியமா? வீடு இழந்து வந்தவளிடம், அதுவும் மச்சினிச்சியிடம் வாடகை வாங்குகிறவனை நம் ஊர் என்ன பேசும்? பேசியது! பேசியதில் பெரிய வாய் யாருடையது? டீக்கடையில் நாற்பது பேர் நடுவில் நான்தான் கேட்டேன்: "இன்னா தலையாரி, ஷீபா புள்ளைங்க மூச்சு வுடறதுக்கும் தனியா பில்லு போடறியா?" கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். "மூச்சு ஓசிதான் மேஸ்திரி. கதவுக்குத்தான் வாடக" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த அவமானத்தை முதலில் தன் தலையில் வாங்கிக்கொண்டதால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. அவர் தாலுகா ஆபீசுக்கு நூறு நடை நடந்தார். நூறு என்பது குறைத்துச் சொல்வது. மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினார். ஒவ்வொரு வீடாக ஏறினார். அவர் வீட்டோடு சேர்த்துப் பதினைந்து வீட்டில் கையெழுத்து விழுந்தது. பதினைந்து குடும்பத்துக்கும் உதவிப் பணம் வந்துகொண்டிருக்கிறது. மிச்சம் நாலு வீடு. அந்த நாலில் ஒன்று இந்த வீராசாமியின் மாடி வீடு.

போன மாதம் என்னைத் தேடி வந்தார். "மேஸ்திரி, பொய்க் கையெழுத்து வேணாம். நெஜமாவே மாடிய அவளுக்கு வுட்டுட்டு, நெஜமாவே வாடக வாங்கு" என்றார்.

"தங்கச்சிகிட்ட காசு வாங்கற கை இந்தக் கை இல்லண்ணா" என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே குழாயடியில் செங்கேணி எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் வீட்டுத் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன.

மெதுவாகச் சொன்னார்: "அவ உனக்கு வாடக குடுத்துக்கினுதான் கீறா மேஸ்திரி. பாத்திரத்துல குடுக்கறா. துணியில குடுக்கறா. உன் பொண்டாட்டி மூஞ்சி சுருங்கிச்சின்னா அன்னிக்கு நாஷ்டா துன்னாம குடுக்கறா. காசா வாங்கிட்டீனா அவ குடித்தனக்காரி. வாங்காம வெச்சிக்கினீனா அவ இன்னா? நீயே சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். நான் மனைவியிடம், "வெளியே போயிருக்கார்" என்று சொல்லச் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தெருவில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, டேங்க் ரொம்பிடுச்சா?" என்றார்.

சிரித்துக்கொண்டே போனார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மார்பு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்குப் பதினாறாம் நாள். அவர் படத்தைத் திறந்துவைத்துவிட்டு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனையோ இடத்தில் எத்தனையோ அளந்திருக்கிறேன். நான் ஒளிந்துகொண்டதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாக்கியமேரி அண்ணி, உங்களிடமும் அவரிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலையில் செங்கேணியைக் கூப்பிட்டு, மாடியை அவளுக்கு வாடகைக்கு விடுகிறேன், படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்வதற்கு நாலு வார்த்தைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "செய்யிண்ணா. ஆனா ஒண்ணாந் தேதிலருந்து உன் வூட்டு பாத்திரம் அண்ணியோடது. நான் மேல என் அடுப்புல சமைப்பேன். வூட்டுக்காரரு மாடிக்கு வர்றதா இருந்தா கதவ தட்டிட்டு வரணும்" என்றாள்.

கேட்டீர்களா? என் தங்கை என்னிடமே கண்டிஷன் பேசுகிறாள்! எட்டு மாதமாக "சரிண்ணா" என்ற ஒரே வார்த்தையில் என் வீட்டில் காலம் தள்ளியவள்! இத்தனை மாதம் நான் அவளுக்குச் சோறு போட்டேன், பாய் போட்டேன், ஒரு கதவு கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைத்தானே அந்த மனிதர் ஊர் ஏச்சை வாங்கிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னார்? இதற்காகத்தானே நடந்தார்?

உறவுகளே! விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தத் தேதியை வாங்கித் தந்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பந்தலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள், என் வயதுக்காரர்கள், எனக்குத் தெரிந்தவர்கள். நான் பேசிய ரோஷத்தைக் கேட்டுத்தான் நீங்களும் ரோஷம் பேசினீர்கள். இப்போது நான் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டீக்கடையில் எவனாவது சிரித்தால், முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுங்கள். அந்த நாற்பது பேரையும், ஏன், நானூறு பேரையும் நான் ஒருவனே தாங்கிக்கொள்வேன்.

வசந்த்குமார் சார் நாலு படிவத்தையும் எடுத்து வந்திருக்கிறார். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மேஜை மேல் வைத்திருக்கிறார். இனிமேல் பள்ளத்தெருவில் கடைசிக் குடும்பம் புது வீட்டுக்குள் பால் காய்ச்சுகிற நாள் வரைக்கும், தாலுகா ஆபீசுக்கு நடக்கிற வேலை என்னுடையது. இது சத்தியம். இதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவும் மாட்டேன்.

தலையாரி அண்ணனே, போய் வாருங்கள். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பொறுங்கள், உறவுகளே. நான் மேடையை விட்டு இறங்குகிறேன். செங்கேணி! என் வீட்டுக் குடித்தனக்காரியே! எழுந்து வா அம்மா. உன் கையெழுத்து முதலில், என் கையெழுத்து அதற்குக் கீழே.