செம்மண்ணின் நிறம்

சின்ன ரயில் செய்கிறவர்களுக்கு மண் போடுவதுதான் கஷ்டமான வேலை. எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் கடையில் கிடைக்கும். மண் கிடைக்காது. அதிலும் எங்கள் பக்கத்துச் செம்மண் நிறம் லேசில் வராது. முதலில் செங்கல்லைப் பொடித்துச் சலித்துப் போட்டேன், சரியாக வரவில்லை. பிறகு மாற்றினேன். நீங்கள் எழுதித் தரச் சொன்னது அந்த மாற்றத்தைப் பற்றித்தான். வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் ரகுநாத். உடையப்பன் டிராவல்ஸில் பதினோரு வருடமாக டிக்கெட் போடுகிறேன். வருகிறவர்கள் பார்க்கும்படி ஆபீசில் ஏதாவது வைக்க வேண்டும் என்றார் முதலாளி உடையப்பன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, நாலடிக்கு இரண்டடிப் பலகையில் புதுக்கோட்டை ஸ்டேஷனைச் செய்தேன். பிளாட்பாரம், வேப்பமரம், தைலமரக் காடு, சுற்றி ஓட ஆறு பெட்டி ரயில். மேலே கண்ணாடி போட முதலாளி ஒப்பவில்லை. பிள்ளைகள் கிட்டே நின்று பார்க்கட்டுமாம்.

ஷர்லி என் பக்கத்து சீட். ஆவூர்ப் பெண். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எச்சிலைப் பற்றி ஒரு கூச்சமும் இல்லாதவள். விரலை நாக்கில் தொட்டுத்தான் காகிதத்தைப் பிரிப்பாள். டீயை ஊதுவாள், கீபோர்டை ஊதுவாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

போன தை மாதம் முதலாளி பேத்தியின் காதுகுத்தில், பாயசத்தில் வேர்க்கடலை அரைத்து விட்டிருந்தார்கள். இரண்டு வாய் குடித்த ஷர்லி உதடு வீங்கி, மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டாள். முதலாளி கார் ஓட்ட, பின்சீட்டில் அவளைத் தாங்கிக்கொண்டு போனது நான்தான். அவளுக்குக் கடலை ஆகாது, பொடி மூக்கில் ஏறினாலே ஆபத்து, இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். என் தோளெல்லாம் அவள் எச்சில். சட்டையை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

எங்கள் வேன் டிரைவர் கண்ணுசாமிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "கடலைக் கொல்லைக்குள்ளயே பொறந்துபுட்டு கடலை ஆகாதாம்ல," என்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஆபீசுக்குள் இனிமேல் கடலையே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

குணமாகி வந்ததும் ஷர்லி என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தினமும் காலையில் முதல் ஆளாக வந்து ரயிலுக்குத் தூசி தட்டினாள். தட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குனிந்து, முகத்தைத் தண்டவாளத்துக்குக் கிட்டே கொண்டுபோய், வாயைக் குவித்து ஊதினாள். பெட்டிகளின் மேல் பொடிப்பொடியாக ஈரம் நிற்பதைப் பார்த்தேன்.

"ஊதாதம்மா. பிரஷ் இருக்குல்ல," என்றேன்.

"பிரஷ்ஷு மூலைக்குப் போகமாட்டேங்குதுண்ணே. நீங்க இல்லாட்டி நான் ஏது? ஒங்க ரயில்ல ஒரு தூசி நிக்க விடமாட்டேன்."

மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ஊதினாள். சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஈரம் என் கண் முன்னால் வந்து நிற்கும். பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

அப்போதுதான் மண்ணை மாற்றினேன். மாட்டுக்குப் போடுகிற கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோ வாங்கினேன். மிக்ஸியில் மாவாக அரைத்து, துணியில் சலித்து, செங்கல் பொடியோடு கலந்தேன். பழைய மண்ணைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். இதை ஒட்டவில்லை. பசை பட்டால் நிறம் கறுத்துவிடும்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு முன்னால் நான் வந்துவிட்டேன்.

"புது மண்ணாண்ணே? அப்புடியே நம்ம ஊரு மண்ணு மாதிரில்ல இருக்கு."

"ஆமா. ஊதிராத," என்றேன். எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் மேல் கொஞ்சம் பொடி கிடந்தது. குனிந்தாள், ஊதினாள். புழுதி கிளம்பி முகத்தில் அடித்தது. இருமினாள். இரண்டு நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. "அண்ணே, பையி... மாத்திரை," என்று கையை நீட்டினாள். பை என் நாற்காலிக்குப் பின்னால்தான் தொங்கியது. ஆனால் அந்தக் கையை அவள் வாயிலிருந்து எடுத்து நீட்டினாள், விரலெல்லாம் நூல்நூலாக எச்சில். நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறு பெட்டியையும் துடைத்து முடித்த பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

ஆவூரில் அடக்கம். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போன தடவ காப்பாத்திக் குடுத்தீங்களேய்யா," என்று அழுதார். கண்ணீரும் மூக்குச்சளியும் என் கையில் வழிந்தன. வீட்டுக்கு வந்துதான் கழுவ முடிந்தது.

ஒரு வாரம் கழித்து என் ரயில் பலகையில் எறும்பு ஏறியது. எறும்பு எதைத் தேடி வருகிறது என்று பார்த்த கண்ணுசாமி, விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் வீட்டில் நாலு மாடு இருக்கிறது. "கடலைப் புண்ணாக்கு. தெனம் நாந்தானே கரைச்சு வைக்கிறேன்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். செத்துப்போனவள் வாய்வைத்து ஊதிய மண்ணை நாக்கில் வைக்கிற மனிதரை என்னவென்று சொல்வது. அவர்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார்.

முதல் மண்ணில் என்ன குறை என்று நேற்றுக் கேட்டீர்கள். ரயிலை ஆபீசில் வைத்த முதல் நாள் முதலாளி எடுத்த போட்டோவை மேசையில் வைத்தீர்கள். வெகுநேரம் பார்த்தேன். பிளாட்பாரம், வேப்பமரம், செங்கல் பொடி. ஓரத்தில் ஷர்லி கைதட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நிறம் சரியாகத்தான் இருந்தது.