இருபத்துநான்கு மணி நேரத்தில் காலி செய்க

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர், நம் துணைவேந்தர் அவர்களே! படிப்பாலும் பண்பாலும் உயர்ந்த பேராசிரியப் பெருமக்களே! பெற்ற பிள்ளையைப் பெட்டியோடு எங்கள் விடுதியில் விட்டுவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! பாதியில் நழுவ வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் என் கண்மணிகளே! மாணவியர் விடுதிக் காப்பாளரின் வணக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று எனக்கும் தெரியும்!

எங்கள் விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் முந்நூறு பெண்களுக்கும் ஒரே நோய், காய்ச்சல். அழுதாலும் காய்ச்சல், அரியர் விழுந்தாலும் காய்ச்சல், ஆறு நாள் தூங்காவிட்டாலும் காய்ச்சல்! நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள்தான். போன ஆண்டு, கணிதத்தில் முதுகலை படிக்கும் ஒரு பெண் ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாகக் காய்ச்சல் என்று எழுதி நீட்டினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருகிட்ட கதை விடுற? உண்மையச் சொல்லும்மா."

"சொன்னா திட்ட மாட்டீங்களே மேடம்?"

"மாட்டேன், சொல்லு."

"உயிரோட இருக்கவே பிடிக்கல மேடம்."

சொல்லிவிட்டாள். சொன்னவளுக்கு நான் செய்தது என்ன? அணைத்தேனா? அமரச் சொன்னேனா? அரை டம்ளர் தண்ணீராவது கொடுத்தேனா? இல்லை! அலமாரியைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். 'தற்கொலை எண்ணம் தெரிவிக்கும் மாணவி இருபத்துநான்கு மணி நேரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும்.' இருக்கிறது, பதினான்காவது பக்கத்தில். அதையே கடிதமாக எழுதி அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். அழவில்லை.

"காய்ச்சல்னே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றாள்.

பெருமக்களே, முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வெட்கத்தில் குறுகிப் போனேன். வாய் திறந்தவளை வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தேனே, எனக்கு எதற்குக் காப்பாளர் என்ற பெயர்?

கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். இல்லை தாய்மார்களே, இல்லை! யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் பேசினாள். பிறகு அவள் சம்மதத்தோடு அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். 'வெளியே தெரிந்தால் என்ன ஆகும்' என்று புலம்புவார் என நினைத்தேன். அந்தத் தாய் சொன்னார்: "இதோ கிளம்பிட்டேன் மேடம். நான் வர்ற வரைக்கும் புள்ளைய தனியா விட்டுடாதீங்க." விடவில்லை. மறுநாள் மூவருமாக மருத்துவரிடம் போனோம்.

இன்று அவள் சிகிச்சையையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை. குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடுவதையும் விடவில்லை! அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

என்ன சீட்டு இது? நேரம் முடிந்துவிட்டதா? தலைவர் அவர்களே, பொறுத்தருளுங்கள், இரண்டே நிமிடம்.

விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது. விளக்கத்தை இந்த மேடையிலேயே தருகிறேன். கால் முறிந்தவளைக் காலி செய்யச் சொல்கிறோமா? காமாலை கண்டவளைக் கோழை என்கிறோமா? மனம் நொந்தவளை மட்டும் மூட்டை கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்தக் கடிதத்தை இனி எழுத மாட்டேன். எந்தப் பெண்ணுக்கும் எழுத மாட்டேன். என் வேலையே போனாலும் எழுத மாட்டேன்! வெளியேற வேண்டியவள் அவளல்ல. வெளியேற வேண்டியது அந்த வரி!

கைதட்டாதீர்கள் பிள்ளைகளே, கொஞ்சம் அமைதி. தலைவர் அவர்களே, அந்த வரியை அடிக்கும் அதிகாரம் உங்கள் பேனாவுக்குத்தான் இருக்கிறது. முந்நூறு பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதோ, மைக்கை உங்களிடமே நீட்டுகிறேன். அனைவருக்கும் வணக்கம். நன்றியை மட்டும், உங்கள் பதிலைக் கேட்டபிறகு சொல்கிறேன்.