ப்ளெக்ஸில் தொழிலதிபர், கோர்ட்டில் கூலி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சைக்கிளில் சேலை விற்று, ராஜபாளையத்தில் இரண்டு கடை போட்டவன் நான். பேச்சில் என்னை அடக்க ஆளில்லை. அப்படிப்பட்ட நானே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கோர்ட்டிலிருந்து வந்து ஏறிய பெண், துணைக்கு வந்த உறவுக்காரியிடம் சொன்னாள்:

“ப்ளெக்ஸுல சிரிச்ச மனுசன் கோர்ட்டுல முழிச்சாரு மதினி!”

“ஜீவனாம்ச ஆர்டருதான் எப்பவோ போட்டாச்சேட்டி. அத மாத்த முடியுமா?”

“அது எம்மவ பால் குடிக்கையில போட்டது. இப்ப எட்டாவது படிக்கா. பீஸ் கட்ட ஏலாம ஸ்கூல மாத்தப் பாத்தேன். செலவும் அவரு வருமானமும் கூடிருச்சுன்னு காட்டுனா, கூட்டிக் கேக்கலாம்னு வக்கீலம்மா சொன்னாவ.”

“அவன் கூலி வேலைன்னுல்ல சொல்லுவான்?”

“அதத்தான் சொன்னாரு. அவரு தங்கச்சி மவ சடங்குக்கு ப்ளெக்ஸ் வச்சாருல்ல? ‘தாய்மாமன், தொழிலதிபர்’னு போட்டு, பின்னால நம்பர் தெரியுற மாதிரி மூணு லாரி. அந்த நம்பர வச்சே லாரி அவரு பேருல இருக்குன்னு வக்கீலம்மா காட்டிட்டாவ. ஜட்ஜு ரெண்டு மடங்காக்கிட்டாரு!”

“நாளைக்கே லாரி ஓடலைன்னு கொறைக்கச் சொல்லி வருவானே?”

“வரட்டும். சட்டம் அவருக்கும் எடம் குடுக்கு. ஆனா நிரூபிக்கணும்லா?”

சொல்லிவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, டி.சி. வாங்க வேண்டாம். இதே ஸ்கூலுதான்.”

மகள் போட்ட கூச்சல் பின்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.